சிறு ஊரிலிருந்து குழந்தைகள் வயிற்று நிபுணரை வீடியோவில் பார்ப்பது எப்படி?

எங்கள் ஊரான போடியில் நல்ல குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குழந்தைகளின் இரைப்பை, குடல், கல்லீரலுக்கென்றே மேற்படிப்பு படித்த நிபுணர் வேண்டுமென்றால் பெரிய நகரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். என் மகனுக்கு மாதக்கணக்கில் மலச்சிக்கல், வயிற்றுவலி, உள்ளாடையில் கசிவு. அவனுடைய சிகிச்சையின் பெரும்பகுதி வீடியோ வழியாகவே நடந்து முடிந்தது. நடந்தது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். எதை எடுத்து வைப்பது, யாரிடம் கேட்பது, எதற்குப் பணம் கட்டுவது என்று தெரியாமல் அலைந்த அலைச்சல் அதற்குள் இருக்கிறது. இணையத்தில் தேடினால் செயலிகளின் விளம்பரம்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. மருந்தளவு, உணவுப் பட்டியல் எதையும் இங்கே தேடாதீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோவில் வரும் நிபுணருக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது, கை இல்லை. வயிற்றுக் கோளாறில் கை வைத்துப் பார்ப்பதுதான் பாதி வைத்தியம். அந்தக் கையை உள்ளூரிலேயே ஏற்பாடு செய்துகொண்டு போகிறவர்களுக்கு வீடியோ ஆலோசனை நன்றாகவே பயன்படுகிறது. மற்றவர்களுக்குக் கட்டணம் கட்டிவிட்டு, "நேரில் கூட்டி வாருங்கள்" என்ற ஒரு வரியைக் கேட்டதுதான் மிச்சம்.

1. வீடியோவே வேண்டாம், உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் செயலியைத் திறக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

வாந்தி பச்சை நிறத்தில் வருகிறது. மலத்தில் இரத்தம் நிறையப் போகிறது, அல்லது தார் போலக் கறுத்து வருகிறது. கைக்குழந்தை காலை மடக்கிக்கொண்டு விட்டு விட்டு வீறிடுகிறது, இடையில் சோர்ந்து துவள்கிறது. வயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது. வயிற்றுப்போக்கில் கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், பல மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. பொத்தான் பேட்டரியையோ காந்தத்தையோ விழுங்கிவிட்டது, அல்லது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. மஞ்சள் காமாலையுடன் குழந்தை மந்தமாக, குழப்பமாக இருக்கிறது.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் தெளியவில்லை, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலவோ களிமண் போலவோ போகிறது என்றால், "வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்" என்ற பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். பித்தநாளம் அடைபட்டிருந்தால் அதற்கான அறுவை சிகிச்சை, குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு. நேரடி பிலிருபின் என்ற இரத்தப் பரிசோதனையை அன்றைக்கே கேட்டுச் செய்யுங்கள்.

நாள்பட்ட மலச்சிக்கல், அடிக்கடி வரும் வயிற்றுவலி, நீடிக்கும் பேதி, எதுக்களிப்பு, எடை ஏறாமை, ஏற்கெனவே கண்டுபிடித்த குடல் அல்லது கல்லீரல் நோய்க்கான மறுபார்வை, இரண்டாவது கருத்து ஆகியவைதான் வீடியோவுக்கு ஏற்றவை.

2. உள்ளூர்க் குழந்தை மருத்துவரைக் கைவிடாதீர்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். உள்ளூர் மருத்துவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரோ என்று ஒளித்து வைத்துவிட்டு, நேராக நகரத்து நிபுணரிடம் போகிறார்கள். அப்படிப் போனால் தொட்டுப் பார்த்த விவரம் எதுவும் அவர் கையில் இருக்காது. நான் என் மகனின் மருத்துவரிடம் இப்படித்தான் கேட்டேன்: "சார், ஒரு தடவை கேஸ்ட்ரோ டாக்டரிடம் கருத்து கேட்டுக்கொள்ளலாமா? நீங்களே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். பிறகு உங்களிடம்தான் வருவோம்." அவர் முகம் சுளிக்கவில்லை. எழுதித் தந்ததோடு, "அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் காட்டுங்கள்" என்றார்.

கடிதத்தில் இவை இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்: இன்றைய எடை, உயரம்; வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் கட்டி, மலத்தேக்கம், கல்லீரல் அல்லது மண்ணீரல் வீக்கம் உண்டா இல்லையா; ஆசனவாயில் வெடிப்பு, புண் உண்டா; இதுவரை கொடுத்த மருந்துகள், அளவு, எத்தனை நாள்; நிபுணரிடம் கேட்க நினைக்கும் கேள்வி. கடைசியில் உள்ளதுதான் பலருடைய கடிதத்தில் விடுபடுகிறது. "தயவுசெய்து பார்க்கவும்" என்று முடிந்தால் நிபுணர் எங்கிருந்து தொடங்குவது?

இதைவிடச் சிறந்த ஏற்பாடும் உண்டு. உள்ளூர் மருத்துவர் சம்மதித்தால், நிபுணருடனான வீடியோ அழைப்பை அவருடைய கிளினிக்கிலிருந்தே செய்யுங்கள். எங்களுக்கு முதல் ஆலோசனை இப்படித்தான் நடந்தது. பையனைப் படுக்க வைத்து, கைப்பேசியை என் கணவர் பிடித்துக்கொண்டார். நிபுணர் அங்கிருந்து, "தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் அழுத்திப் பாருங்கள், டாக்டர்" என்றார். இவர் அழுத்திப் பார்த்து, "ஆமாம், கெட்டியாகக் கையில் தட்டுப்படுகிறது, தொப்புள் வரை வருகிறது" என்றார். ஸ்கேன் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. மாலையில் நோயாளிகள் கூட்டம் தொடங்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவருடைய வழக்கமான கட்டணத்தைத் தயங்காமல் கொடுத்துவிடுங்கள்.

3. யாரிடம், எந்த வழியில் பதிவு செய்வது

இலவச வழி, மத்திய அரசின் இ-சஞ்சீவனி. செயலியிலோ இணையதளத்திலோ கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு, மாநிலத்தையும் பிரிவையும் தேர்ந்தெடுத்தால் டோக்கன் வரும். வரிசை வந்ததும் அழைப்பு இணையும், முடிந்ததும் மருந்துச் சீட்டைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தின் செவிலியர் வழியாகவும் இணையலாம். கைப்பேசிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதுதான் எளிது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே குழந்தைகள் இரைப்பை–குடல் நிபுணர் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பொது மருத்துவரோ குழந்தை மருத்துவரோ வருவார். எந்தப் பரிசோதனை, எங்கே நேரில் காட்டுவது என்று வழி கேட்பதற்கு அது நன்றாகவே உதவும். நேரில் போவதென்று முடிவானால், சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

கட்டண வழி, நிபுணர் பணியாற்றும் மருத்துவமனையின் சொந்த வீடியோ சேவை. என் ஓட்டு இதற்குத்தான். பின்னால் உள்நோயாளியாகச் சேர நேர்ந்தால் அதே கோப்பு, அதே எண் தொடரும். பொதுவான மருத்துவச் செயலிகளில் வேகம் உண்டு. ஆனால் இன்றைக்கு ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர். நாள்பட்ட வயிற்றுக் கோளாறுக்கு அது சரிப்படாது. ஒரு செயலியில் "குழந்தைகள் வயிற்று நிபுணர்" என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினோம். வந்தவர் பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவர். அவரே நல்ல மனதோடு, "இவ்வளவு சிறிய பையனை நான் பார்ப்பதில்லை, அம்மா" என்று சொல்லிவிட்டார். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே பணம் கட்டும் முன் தகுதியைப் பாருங்கள். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்து, அதன்மேல் குழந்தைகள் கேஸ்ட்ரோஎன்டராலஜியில் டி.எம். அல்லது பெல்லோஷிப் முடித்தவரா? மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை வைத்து, கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி: மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் முதலில் வரும் இடத்திலிருந்து எடுக்காதீர்கள். போலி எண்கள் உலவுகின்றன. "பதிவுக்குப் பத்து ரூபாய் அனுப்புங்கள்" என்று ஓர் இணைப்பை அனுப்பி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். மருத்துவமனையின் இணையதளத்திலோ பழைய மருந்துச் சீட்டிலோ உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள்.

4. ஆவணங்கள்

மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, சிறுவர்களுக்கான ஆலோசனையில் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், அவர் யார் என்பதையும் மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆகவே குழந்தையின் ஆவணத்தோடு உங்களுடையதும் வேண்டும்.

- குழந்தையின் ஆதார் அல்லது பிறப்புச் சான்றிதழ். உடன் இருப்பவரின் அடையாள அட்டை
- தடுப்பூசி அட்டை அல்லது தாய் சேய் நல அட்டை (பிறந்த எடையும் பழைய எடைகளும் அதில்தான் இருக்கும்)
- உள்ளூர் மருத்துவரின் கடிதம்
- பழைய மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆய்வக அறிக்கைகள்
- இப்போது கொடுக்கும் மருந்துகளின் அட்டை அல்லது பாட்டில், பெயரும் அளவும் தெரியும்படி எடுத்த படம்
- ஆபா எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இருந்தால் அதுவும்

இவற்றை நாற்பது வாட்ஸ்அப் படங்களாகக் கொட்டாதீர்கள். கைப்பேசி ஸ்கேன் செயலியில் தேதி வரிசைப்படி, பழையது முதலில் புதியது கடைசியில் என்று ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் 'டாகுமெண்ட்' என்று அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கி எண்கள் மங்கிவிடும். எக்ஸ்ரே ஃபிலிமைக் குழல் விளக்கில் பிடித்து எடுக்காதீர்கள். மடிக்கணினியில் வெள்ளைத் திரையைத் திறந்து, அதன்மேல் ஃபிலிமை வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு எடுத்தால் தெளிவாக வரும். அழைப்புக்கு முந்தைய நாளே அனுப்பிவிட்டு, "கிடைத்ததா?" என்று மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

5. எழுதி வைக்க வேண்டியது, படம் எடுக்க வேண்டியது

நிபுணர் உங்களோடு பேசப்போவது பத்து, பதினைந்து நிமிடம். "அடிக்கடி வலிக்கிறது, சரியாகவே சாப்பிடுவதில்லை" என்று சொன்னால் அந்த நேரம் கேள்வி பதிலிலேயே கரைந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

*எடை.* நிபுணர் முதலில் கேட்பது இதைத்தான்: ஏறியிருக்கிறதா, நின்றுவிட்டதா, குறைந்ததா? குழந்தைகளுக்கு மருந்தளவே எடையை வைத்துத்தான். போன வருடத்து எடையைச் சொன்னால் போன வருடத்துக் குழந்தைக்கு மருந்து வரும். ஒரே தராசில், காலணியும் சீருடையும் இல்லாமல் நிறுத்துங்கள். கைக்குழந்தைக்குக் குளியலறைத் தராசு உதவாது, அங்கன்வாடி தராசுக்குப் போங்கள். பழைய எடைகளையும் தேதியோடு எழுதுங்கள். ஓர் எண்ணைவிட நாலைந்து எண்களின் வரிசைதான் அவருக்குப் பேசும்.

*வலி.* எந்த நேரம், எவ்வளவு நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, பள்ளி விடுமுறையிலும் வருகிறதா? எங்கே வலிக்கிறது என்று குழந்தையை ஒற்றை விரலால் காட்டச் சொல்லுங்கள். தொப்புளைச் சுற்றிக் காட்டினால் ஒரு வகை, விலகி ஓரமாக ஓரிடத்தையே காட்டினால் வேறு வகை என்று மருத்துவர்கள் எடைபோடுகிறார்கள். தூக்கத்தைக் கெடுக்கும் வலி, எடை இறக்கம், காய்ச்சல், வாய்ப்புண், மூட்டுவலி, மலத்தில் இரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் பட்டியலின் தலையில் எழுதுங்கள்.

*மலம்.* பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று உண்டு. ஆட்டுப்புழுக்கை போன்ற 1 முதல் வெறும் தண்ணீரான 7 வரை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் படம் அது. அதைப் பார்த்து எண்ணைக் குறியுங்கள். நிறம் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். முந்தைய நாள் பீட்ரூட் சாப்பிட்டதையும், இரும்புச்சத்து டானிக் குடிப்பதையும் சொல்லிவிடுங்கள். ஒன்று சிவப்பாக்கும், மற்றது கறுப்பாக்கும். எடுத்த படம் குடும்பக் குழுவுக்குப் போய்விடாமல் தனிக் கோப்புறையில் வையுங்கள்.

*வீடியோ.* என் மகன் கதவுக்குப் பின்னால் போய், நுனிக்காலில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க முக்குவான். மலம் கழிக்கத்தான் கஷ்டப்படுகிறான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அந்த அரை நிமிட வீடியோவைப் பார்த்த நிபுணர், "வெளியேற்ற முக்கவில்லை, வந்துவிடாமல் அடக்குகிறான்" என்றார். ஒருமுறை வலித்த பயத்தில் அடக்க, அடக்க அடக்க உள்ளே இறுக, இறுகியதன் ஓரமாகத் தண்ணீராகக் கசிவதுதான் உள்ளாடையில் தெரிந்திருக்கிறது. அதைப் பேதி என்று எண்ணி, பேதியை நிறுத்தும் மருந்து கொடுக்கும் வீடுகளும் உண்டாம். சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த வீடியோ புரியவைத்தது. கைக்குழந்தை பால் குடித்ததும் எதுக்களிப்பதையும், வலியில் முறுக்கிக்கொள்வதையும் அப்படியே எடுத்து வையுங்கள். ஆனால் உடையில்லாத படம், ஆசனவாய்ப் படம் எதையும் எடுத்து அனுப்பாதீர்கள். அதை உள்ளூர் மருத்துவர் பார்த்து எழுதித் தரட்டும்.

*சாப்பாடு.* உண்மையில் உள்ளே போனதை எழுதுங்கள். பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும், தாத்தா வாங்கித் தரும் பரோட்டாவும் சேர்த்தி. பாலை டம்ளர் கணக்கில் எழுதாமல் மில்லியில் எழுதுங்கள், டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயைப் பற்றிய பேச்சு வந்தால் "நாங்கள் இட்லி தோசைக்காரர்கள், கோதுமையே கிடையாது" என்று சொல்லிவிடத் தோன்றும். ரவை கோதுமை. சேமியா கோதுமை. பிஸ்கட் மைதா. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

*வீட்டு வைத்தியம்.* உரை மருந்து, வசம்பு, ஓமத் தண்ணீர், விளக்கெண்ணெய், கிரைப் வாட்டர், நாட்டு மருந்துக் கடைப் பொடி, தொக்கம் எடுத்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கிறார், சங்கடமாக இருக்கிறது என்றால் எழுதி அனுப்பிவிடுங்கள்.

6. பரிசோதனைகள்: முந்திக்கொள்ளாதீர்கள்

"எப்படியும் கேட்பார்" என்று ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைப்பது வீண் செலவு. முதல் ஆலோசனைக்கு இருப்பதைக் கொண்டு போங்கள். அவர் எழுதித் தருவதை உள்ளூர் ஆய்வகத்தில் செய்துகொள்ளுங்கள். சிலவற்றில் கவனம் வேண்டும்.

சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. இரத்தப் பரிசோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். இரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஏ. என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். அது பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு டி.டி.ஜி. ஏமாற்றிவிடும்.

மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்க்கச் சொன்னால், குடல் அழற்சி உண்டா என்று தேடுகிறார் என்று பொருள். சில ஆயிரம் ரூபாய் வரை ஆகக்கூடிய பரிசோதனை இது. வயிற்றுப்போக்குக் கிருமித் தொற்று இருக்கும்போதும், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் எடுத்தால் அளவு கூடிக் காட்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகமாக இருக்கும். அறிக்கையில் சிவப்பு எழுத்தைப் பார்த்து இரவெல்லாம் இணையத்தில் தேடாதீர்கள். மாதிரியில் கழிப்பறைத் தண்ணீரோ சிறுநீரோ கலக்கக் கூடாது. ஆய்வகத்துக்குப் போன் செய்து, எந்தக் கிழமை கொடுத்தால் அன்றே அனுப்புவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறு ஊர் ஆய்வகங்கள் இத்தகைய மாதிரிகளைப் பெரிய நகரத்துக்கு அனுப்புகின்றன. சனிக்கிழமை மாலை கொடுத்தால் திங்கள் வரை அங்கேயே கிடக்கும்.

ஹெச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கான மூச்சு அல்லது மலப் பரிசோதனை என்றால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். மருத்துவரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

7. அழைப்பு நாள்

குழந்தை உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்கலாம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அலுவலகத்திலிருந்து அழைக்கும் தகப்பன்மார் நிறைய என்று ஒருங்கிணைப்பாளர் ஒருவர் அலுத்துக்கொண்டார். பள்ளி நேரத்துக்குப் பிந்தைய நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டிவிடும், கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று அவரால் பார்க்க முடியாது. கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். படுக்க வைத்துச் சட்டையைத் தூக்கச் சொல்வார். எழுந்து நின்று குதிக்கச் சொல்வார், வயிற்றை உப்பி உள்ளிழுக்கச் சொல்வார். இது விளையாட்டு அல்ல. குதிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் குழந்தையை அவர் வீடியோவில் விடமாட்டார், உடனே நேரில் காட்டச் சொல்வார். டார்ச், நோட்டு, பேனா, மருந்துப் பாட்டில்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேறு அழைப்பு வந்து நடுவில் துண்டிக்காதபடி கைப்பேசியை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் பேசுங்கள். அம்மா, அப்பா, பாட்டி மூவரும் சேர்ந்து பேசினால் யார் சொல்வதை அவர் எழுதுவார்? பேச்சைப் பதிவு செய்ய விரும்பினால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முடிக்கும் முன் மூன்று கேள்விகள்: என்ன என்று நினைக்கிறீர்கள்? எது நடந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? அடுத்து எப்போது, வீடியோவிலா நேரிலா?

8. மருந்துச் சீட்டு

சீட்டில் மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, தேதி, குழந்தையின் பெயர், வயது, எடை இருக்கின்றனவா என்று அழைப்பு முடிந்த கையோடு பாருங்கள். கையெழுத்திட்ட சீட்டின் ஸ்கேன் அல்லது படம், மின்சீட்டு எல்லாமே செல்லும். சில கடைக்காரர்கள் கைப்பேசியில் காட்டினால் தயங்குகிறார்கள். அச்செடுத்துக் கொண்டு போனால் பேச்சே இல்லை. எங்கள் ஊர்க் கடைகளில் குழந்தைகளுக்கான மலமிளக்கிப் பொடி கேட்ட உடனே கிடைக்கவில்லை. பெயர் தெரிந்ததும் சொல்லி வைத்துவிடுங்கள்.

மலச்சிக்கலுக்கு மருந்து தொடங்கியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒரு வாரத்தில் சரியானதும் "மருந்துக்கே உடம்பு பழகிவிடும்" என்று நிறுத்திவிடுகிறோம். குறைந்தது இரண்டு மாதம் கொடுத்து, தொந்தரவு முழுதாக நின்று ஒரு மாதம் ஆன பிறகே மெல்லக் குறைக்க வேண்டும் என்பதுதான் இத்துறையினர் பின்பற்றும் நெறி. பக்கத்து வீட்டு யோசனைக்கும் அந்த நெறிக்கும் போட்டி வந்தால் எதை எடுப்பது என்று உங்களுக்கே தெரியும்.

9. செலவும் நேரமும்

இ-சஞ்சீவனிக்குக் கட்டணம் இல்லை. தனியாரில் நான் விசாரித்த இடங்களில் வீடியோ கட்டணம் 500 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரை சொன்னார்கள். முதல் முறை வரும் நோயாளிகளுக்குப் பதிவுக் கட்டணம் தனி. பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: பரிசோதனை முடிவைக் காட்டுவதற்கு மறுபடியும் கட்ட வேண்டுமா? சில மருத்துவமனைகளில் ஒரு வாரத்துக்குள் காட்டினால் கட்டணம் இல்லை. கால்ப்ரொடெக்டின் போன்றவற்றின் முடிவு வரப் பல நாட்கள் ஆகலாம் என்பதால் அந்தக் கெடு தாண்டிவிடும். முன்பே சொல்லி நீட்டித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்பி, ரசீது வாங்குங்கள். ரசீது தருவது அவர்கள் கடமை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வீடியோ கட்டணத்துக்கு அதை நம்பாதீர்கள், அறுவை சிகிச்சையோ உள்நோயாளிச் சிகிச்சையோ வந்தால்தான் அது பேசும். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியில் வெளிநோயாளி ஆலோசனைக்கு இடம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் வீடியோ ஆலோசனையையும் அதே விதியில் ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது.

நேரத்தைப் பொறுத்தவரை, இத்துறை நிபுணர்கள் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே வீடியோவில் வருகிறார்கள். குறித்த நேரத்துக்கு அழைப்பு வராது. எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) அறையிலிருந்து அவர் வெளியே வர வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிவிட்டு உட்காருங்கள்.

10. மறுபார்வையும் நேரில் போகும் நாளும்

ஆவணங்கள் பகுதியில் சொன்ன தொலைமருத்துவ நெறிகளின்படி, நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்கு, அதே மருத்துவரிடம் பேசினால்தான் அது மறுபார்வை. ஆறு மாதம் கடந்தாலோ, புதிய தொந்தரவு வந்தாலோ முதல் ஆலோசனையாகவே கணக்கு. மருத்துவர் தொலைவிலிருந்து எழுதக்கூடிய மருந்துகளும் இதைப் பொறுத்து மாறும். அதனால் நீண்ட நாள் சிகிச்சை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் போகத் திட்டமிடுங்கள். நடுவில் உள்ளவை வீடியோவில் நடக்கட்டும்.

நேரில் போகும்போது மருத்துவமனை வேலைகளை ஒரே நாளுக்குள் முடிக்க முடியும். எண்டோஸ்கோபி வேண்டியிருக்கும் என்று நிபுணர் வீடியோவிலேயே சொல்லிவிட்டால், அதற்கு முன் தேவையான இரத்தப் பரிசோதனைகளை உள்ளூரில் செய்து அனுப்பிவிட அனுமதி கேளுங்கள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்தே செய்வார்கள் என்பதால், மயக்க மருத்துவரின் பார்வையும் அதே நாளில் கிடைக்குமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பாடு, பால், தண்ணீர் கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரவு பஸ்ஸில் போனால், அதிகாலையில் இறங்கியதும் குழந்தை பசிக்கிறது என்று அழும், பிஸ்கட் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவோம், அத்தோடு அன்றைய எண்டோஸ்கோபி ரத்து. முந்தைய நாளே போய்த் தங்குங்கள். காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றின் அசல்களும், உள்ளூர் மருத்துவரின் கடிதமும் பையின் மேல்பக்கத்தில் இருக்கட்டும்.